ஆறெழுத்தும் இருபத்து நான்கு தகடுகளும்

இருபத்து நான்கு இரும்புத் தகடுகளை என் கையாலேயே புளி போட்டுத் துலக்கினேன். ஒரு பெண் குழந்தையின் நான்கு மாத உழைப்பு முழுவதும் அந்தத் துருவில்தான் இருந்தது என்பதை உணராமல் துலக்கினேன். பக்தியோடு துலக்கினேன். அதுதான் இன்றளவும் என் நெஞ்சை அறுக்கிறது.

கிருத்திகைதோறும் கூடி வேலவனை வழிபடும் நம் அன்பர்கள் முன்னால் இந்த அனுபவத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். வெட்கம் தடுத்தது. இந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்ததும் வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அடியேன் மராத்தி பேசும் ஊரான கோந்த்வாவில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஓய்வு வயது கடந்த பின்னும் பள்ளி நிர்வாகம் என்னை வைத்துக்கொண்டிருக்கிறது. எட்டாம் வகுப்போடு என் பள்ளிப்படிப்பு நின்றது. அதற்கு மேல் நான் கற்றதெல்லாம் புட்டிகளின் மேல் ஒட்டிய தாள்களிலும், மாணவர்கள் விட்டுச்சென்ற பழைய பாடநூல்களிலும் கற்றவையே. இங்குள்ள வழக்கப்படி பிள்ளைகள் அனைவரும் என்னைக் 'காகா' என்று அழைப்பார்கள். சித்தப்பா என்று பொருள்.

யாழினி என்னும் மாணவி பதினோராம் வகுப்பில் பயின்றாள். அவளுடைய குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. தந்தைக்கு இங்கே ஹிஞ்சேவாடியில் கணினி வேலை. அந்தக் குழந்தைக்குத் தமிழ் பேச வரும். ஆனால் நடுநடுவே ஹிந்தி வந்து புகுந்துகொள்ளும்.

தேசிய அளவிலான மாணவர் அறிவியல் கண்காட்சிக்காக அவள் ஓர் ஆய்வை மேற்கொண்டாள். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்க வீட்டில் வீணாகும் தோல்களும் சக்கைகளும் உதவுமா என்பதே அவளுடைய கேள்வி. ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் ஒரே இரும்புத் தாளிலிருந்து சிறு தகடுகளாக வெட்டி வாங்கி வந்தாள். அவற்றில் இருபத்து நான்கை எடுத்து ஒவ்வொன்றையும் மின்னணுத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டாள். ஆறு தகடுகளை அப்படியே விட்டாள். ஆறினை வெங்காயத்தோல் கஷாயத்திலும், ஆறினை மாதுளைத்தோல் கஷாயத்திலும், ஆறினைத் தேயிலைச் சக்கைக் கஷாயத்திலும் ஊற வைத்தாள். நான்கு குறுக்குச் சட்டங்கள் கொண்ட ஒரு மரச் சட்டகத்தில், சட்டத்துக்கு ஆறாக, எண் வரிசைப்படி, எண் எழுதிய சீட்டோடு நூல் கட்டித் தொங்கவிட்டாள். பள்ளியின் மொட்டை மாடியில் மழைக்காலம் முழுவதும் அந்தத் தகடுகள் நனைந்தன. அந்தக் குழந்தையும் நனைந்தது. குடையை ஒரு கையிலும் கைப்பேசியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் படம் எடுப்பாள்.

மாவட்டத்தில் தேறினாள். மாநிலத்தில் தேறினாள். தேசியக் கண்காட்சிக்கு இறுதி அளவுகளோடு அறிக்கை அனுப்ப வேண்டியது மட்டுமே எஞ்சியிருந்தது. மழை ஓய்ந்ததும் நவராத்திரியின் எட்டாம் நாள் சட்டகத்தைக் கீழே கொண்டு வந்து ஆய்வுக்கூடத்தில் வைத்தாள்.

"மழை முடிஞ்சிருச்சு காகா. இனிமே இதுங்க நனையவே வேணாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆயுத பூஜை. மராத்தியர்களும் அன்று கருவிகளைப் பூஜிப்பார்கள். ஆகவே ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்து பூஜை வைக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் என்னுடையதே. நுண்ணோக்கி, தராசு, குடுவைகள் அனைத்தையும் துடைத்து முடித்தபின் அந்தச் சட்டகம் என் கண்ணில் பட்டது. இந்தக் குழந்தையின் ஆயுதம் இதுவல்லவா, டெல்லி வரை பேசப்படப்போகும் பொருள் இப்படி அழுக்கும் துருவுமாகவா ஆண்டவன் முன் இருப்பது என்று எண்ணினேன். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்கவில்லை. ஆயுதத்தைத் துலக்குவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்பதுண்டா என்ன?

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினேன். மங்கியிருந்த இரும்பு பளிச்சென்று வந்தபோது மனம் குளிர்ந்தது. வேலாயுதம் தாங்கிய பெருமான் படத்தின் முன் வெள்ளைத் துணி விரித்து, தகடுகளை அடுக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டேன். நைந்த நூல்களையும் சீட்டுகளையும் வாடிய பூக்களோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டேன்.

மறுநாள் தசரா விடுமுறை. பூஜையில் வைத்த கருவியை மறுபூஜை செய்யாமல் எடுப்பதில்லை அல்லவா? பள்ளி திறந்ததும் காலையில் மறுபூஜை செய்துகொள்ளலாம் என்று அறையைப் பூட்டிக்கொண்டு வீடு சென்றேன்.

பள்ளி திறந்த அன்று நான் கற்பூரம் எடுத்து வைப்பதற்குள் யாழினி வந்துவிட்டாள். இறுதி எடையைப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய தாயாரும் உடன் வந்திருந்தார். தசராவுக்குப் பொன் என்று கொடுக்கும் ஆப்டா இலை ஒன்று அந்தக் குழந்தையின் கையில் இருந்தது. எனக்குத் தரத்தான் கொண்டு வந்திருக்கிறாள்.

காலிச் சட்டகத்தைப் பார்த்தாள். பூஜையைப் பார்த்தாள். முதல் தகட்டைக் கையில் எடுத்தாள்.

"காகா... துரு எங்க?"

நான் புன்னகைத்தேன். பாராட்டுகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"போயிடுச்சும்மா. நல்லா புளி போட்டுத் தேய்ச்சேன்."

இலை அவள் கையிலிருந்து கீழே விழுந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேதியியல் ஆசிரியை குல்கர்ணி மேடம் உள்ளே வந்தார். ஒரே பார்வையில் அவருக்கு அனைத்தும் புரிந்தது. "காகா, ஹே காய் கேலத் தும்ஹி?" என்றார். என்ன செய்துவிட்டீர்கள் என்று கேட்கிறார். இத்தனை ஆண்டுகளில் அந்தக் குரலை அவர் என்னிடம் பயன்படுத்தியதில்லை.

பிறகு அவர் எனக்கு ஹிந்தியில் விளக்கினார். துருவை நீக்கிவிட்டு எடை பார்ப்பதே முறைதானாம். எவ்வளவு இரும்பு கரைந்து போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரியுமாம். ஆனால் அதை அளந்து, குறித்து, முறையாகச் செய்ய வேண்டும். இப்போது புளி எவ்வளவு இரும்பைத் தின்றது என்று தெரியாது. அதைவிடப் பெரிய இடி, எந்தத் தகடு எது என்று தெரியாது. சீட்டுகள் இல்லை. தேய்த்தபின் இருபத்து நான்கும் ஒன்றுபோல் மின்னுகின்றன. எந்தத் தகடு எந்தக் கஷாயத்தில் ஊறியது என்று தெரியாவிட்டால் நான்கு மாத ஆய்வும் வெறும் இரும்புத் துண்டுகள்தான். மறுநாள் மாலைக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். மீண்டும் தொடங்கலாம் என்றால், மழைக்காலம் திரும்பி வராது.

யாழினியின் தாயார் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, சாமிக்கு வெச்சீங்களாக்கும்? எம்புள்ள நாலு மாசம் மொட்டை மாடியில நனைஞ்சுதுங்களே, காய்ச்சலோட வந்து போட்டோ எடுத்துதுங்களே, அது உங்க சாமிக்குத் தெரியாதுங்களா? தொடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டா வாயில இருந்து முத்தா கொட்டிடும்?"

சாமியைச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. என் அறியாமையால் அவன் பெயருக்கும் பழி வந்துவிட்டதே.

பின்பக்கம் புட்டிகள் அடுக்கும் சிற்றறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டேன். தரையில் அமர்ந்தேன்.

"முருகா, உனக்கென்று செய்தேன். அது ஒரு குழந்தையின் தலையில் விழுந்துவிட்டது. என் வேலை போகட்டும். என் மானம் போகட்டும். அந்தத் துருவைத் திருப்பிக் கொடு" என்று வேண்டினேன். துருவைத் திருப்பிக் கேட்டு இதற்கு முன் எவரும் அவனிடம் வேண்டியிருக்க மாட்டார்கள். வேறு சொற்கள் வரவில்லை. வழக்கம்போல் விரல்களைத் தொட்டு ஆறெழுத்தைச் சொல்லத் தொடங்கினேன். ச, ர, வ, ண, ப, வ. ஆறு. மீண்டும் ஆறு. மீண்டும் ஆறு.

நான்காம் சுற்றில் என் விரல் நின்றது.

அன்பர்களே, அந்தக் கணத்தை எப்படி எழுதுவேன்? என் விரல்களுக்கு அந்த எண்ணிக்கை பழகியதாகத் தோன்றியது. இரண்டு நாளைக்கு முன் இதே கணக்கில் இதே எழுத்துகளைச் சொல்லியிருக்கிறேன். எங்கே? தகடுகளை அடுக்கும்போது! ஒரு தகட்டுக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லித்தான் துணியின் மேல் வைத்தேன். எழுத்து ஆறு என்பதால் வரிசைக்கு ஆறு வைத்தேன். நான்கு வரிசை. அந்தக் குழந்தையின் சட்டகத்திலும் சட்டத்துக்கு ஆறு, நான்கு சட்டம். நான் கழற்றியதும் மேல் சட்டத்தின் இடக்கோடியிலிருந்துதான். ஒன்றைக் கழற்றுவேன், கழுவுவேன், துடைத்து வைப்பேன், அடுத்ததைக் கழற்றுவேன். சோதனைக்குழாய்களை அப்படியே கழுவிக் கழுவி ஊறிப்போன கை இது. வேறு விதமாகக் கழுவ அதற்குத் தெரியாது.

கதவைத் திறந்தேன். வெளியே குல்கர்ணி மேடம் ஒரு பீங்கான் தட்டைக் கையில் ஏந்தியிருந்தார். தகடுகளை வாரி அதில் போடுவதற்காகத் துணியின் மேல் குனிந்துகொண்டிருந்தார்.

"மேடம்! ஹாத் மத் லகாயியே!"

கை வைக்காதீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் முன் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை. அவர் கை அப்படியே நின்றது. விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் இருந்திருக்கும்.

மூச்சிரைக்க நான் சொன்னதை மூவரும் கேட்டார்கள். யாழினியின் கையில் முதல் தகடு இன்னும் இருந்தது. அதை மெதுவாக அதன் இடத்திலேயே வைத்தாள்.

"காகா, நான் நம்பறேன். லேகின் ஜட்ஜ் நம்ப மாட்டாங்க. மந்திரம் சொல்லி வெச்சாருன்னு ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?" என்றாள். சற்று யோசித்தாள். அவள் முகம் மாறியது. "தராசு சொல்லட்டும்."

அவள் விளக்கியது இதுதான். பட்டறையில் கையால் வெட்டிய தகடுகள் ஆதலால் ஒன்றின் எடை மற்றொன்றுக்கு இல்லை. மழையில் கரைந்த தகடு எடை குறைந்திருக்க வேண்டுமே தவிர, ஒருபோதும் கூடியிருக்க முடியாது. வரிசை சரி என்றால், இருபத்து நான்கும் தத்தம் பழைய எடையைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கும். வரிசை கலைந்திருந்தால், எங்காவது ஒரு தகடு முன்னைவிடக் கனமாகக் காட்டும். அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். மேடம் எண்ணைப் படித்தார். யாழினி பழைய நோட்டைப் பார்த்தாள். நான் கைகட்டி நின்றேன்.

"ஒண்ணு. குறைவு."

"ரெண்டு. குறைவு."

மின்விசிறிக் காற்றில் தராசின் எண் ஆடும் என்று விசிறியை நிறுத்தியிருந்தோம். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதல் வரிசை ஆறும் குறைந்திருந்தன. அதிகமாகவே குறைந்திருந்தன. அவை கஷாயம் படாத தகடுகள். இரண்டாம் வரிசையும் குறைந்தே இருந்தது. தாயார் தம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. குறைவு.

பதினாறாவது தகடு அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. யாழினி புருவத்தைச் சுருக்கினாள்.

பதினேழு. மேடம் எண்ணைப் படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை படித்தார்.

"ஜாஸ்தி" என்றாள் யாழினி. கூடுதல்.

மீதம் ஏழையும் நிறுத்தார்கள். அனைத்தும் குறைவு. பதினேழு மட்டும் கூடுதல்.

குல்கர்ணி மேடம் என்னைப் பார்த்தார். அந்த இரண்டும் தமக்குள் இடம் மாறியிருக்கின்றன என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மாற்றிப் போட்டால் இரண்டும் சரியாகப் பொருந்தின. "காகா, கழுவும்போது இந்த இரண்டும் கை மாறினவா? நினைவிருக்கிறதா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ஆம் என்று ஒரு சொல் போதும். இருபத்து நான்கும் முழுமையாக நிற்கும். நான் செய்த பிழையும் பாதி கழுவப்பட்டுவிடும். நாக்கின் நுனி வரை அந்தச் சொல் வந்தது. சற்றுமுன் ஆறெழுத்தைச் சொன்ன அதே வாய். 'முருகா, இதையும் நீயே பேசு' என்று உள்ளுக்குள் கேட்டேன்.

"யாத் நஹி மேடம்" என்றேன். நினைவில்லை.

"ரெண்டு தானே கண்ணு, மாத்திப் போட்டுக்கோ" என்றார் தாயார்.

"காகாவே தெரியலைங்கறாரும்மா. நான் எப்படித் தெரியும்னு எழுதுவேன்?" என்று சொல்லிவிட்டு யாழினி அந்த இரண்டு எண்களின் மேலும் கோடு போட்டாள். "இருபத்திரெண்டு போதும்."

மேடம் தலையசைத்தார்.

புளியின் கணக்கு இன்னும் பாக்கி இருந்தது. அதற்கும் அவளே வழி கண்டாள். பட்டறையில் வாங்கியதில் மீந்த மூன்று தகடுகள் எண்ணெய்த் தாளில் சுற்றி மேஜை இழுப்பறையில் கிடந்தன. அவற்றை நிறுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு எப்படித் தேய்ச்சீங்களோ அப்படியே தேய்க்கணும் காகா. மேடம் பார்க்கறாங்கன்னு பாவமா தேய்க்காதீங்க. சாமிக்குத் தேய்க்கற மாதிரியே தேய்ங்க."

அதைக் கேட்டு அவளுடைய தாயார் முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டனுங்கண்ணா" என்றார்.

அதே புளி, அதே குழாயடி. அதே அழுத்தத்தில் தேய்த்தேன். புளி தின்ற இரும்பு மிகச் சொற்பம் என்று தராசு சொன்னது. அதையும் அவள் கணக்கில் கழித்தாள். மாதுளைத்தோல் கஷாயத்தில் ஊறிய வரிசையே மழையை அதிகம் தாங்கி நின்றது. அது பதினாறும் பதினேழும் இருந்த வரிசை. நான்கு தகடுகளே மிஞ்சிய வரிசை. நான்கும் ஒரே குரலில் சாட்சி சொல்லின.

அறிக்கை குறித்த நேரத்துக்கு முன்பே தயாரானது. அதில் ஒரு பக்கம் முழுவதும் என்னைப் பற்றியது என்று அறிந்தபோது பதறினேன். இறுதி எடைக்கு முன்பே ஆய்வுக்கூட உதவியாளர் ஆயுத பூஜைக்காகத் தகடுகளைப் புளியால் கழுவிவிட்டார், வரிசை இவ்வாறு சரிபார்க்கப்பட்டது, இரண்டு தகடுகள் விலக்கப்பட்டன என்று எழுதியிருந்தாள். எடுத்துவிடம்மா என்று கெஞ்சினேன்.

"எடுத்தா அது பொய் ஆயிடும் காகா. நீங்க பொய் சொல்லலை இல்ல? நான் மட்டும் சொல்லணுமா?"

அந்தப் பக்கத்தோடேயே அறிக்கை சென்றது.

குளிர்காலத்தில் தேசியக் கண்காட்சி நடந்தது. அன்று நான் விரதம் இருந்தேன். மாலையில் அவளே கைப்பேசியில் அழைத்தாள். சுற்றிலும் ஒரே இரைச்சல். முதல் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களின் சிறப்புப் பாராட்டு கிடைத்திருந்தது. வயதான நடுவர் ஒருவர் வேறெந்தப் பக்கத்தையும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லையாம். அந்தப் புளிப் பக்கத்திலேயே நின்றுவிட்டாராம்.

"என்ன கேட்டாரும்மா?"

"இந்தக் காகா இன்னும் வேலையில இருக்காரான்னு கேட்டாரு. ஆமான்னேன். அவரை விட்டுடாதீங்கன்னாரு."

நான் அழுதேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அன்பர்களே, நான் கேட்டது துருவை. அது திரும்பி வரவில்லை. போனது போனதுதான். ஆனால் என் கை செய்ததை என் கைக்கே தெரியாமல் அவன் எண்ணி வைத்திருந்தான். அதைச் சரியான நேரத்தில் எனக்கு நினைவூட்டினான். பொய் சொல்ல வந்த நாக்கையும் தடுத்தான். இதை நான் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ கிருத்திகைகளில் எண்ணம் எங்கோ அலைய, விரல் மட்டும் எண்ணிக்கொண்டிருந்த மந்திரம் அது. அந்த அரைகுறை ஜபத்தையும் அவன் வீணாக்கவில்லை.

அன்று முதல் என் வாழ்க்கையில் ஒன்று மாறியிருக்கிறது. ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் கேட்கிறேன். ஆறாம் வகுப்புக் குழந்தையின் புட்டியாக இருந்தாலும், "இதைக் கழுவலாமா?" என்று கேட்டுவிட்டே கழுவுகிறேன். பக்தி என்ற பெயரில் செய்வதற்கும் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதை அறிய எனக்கு அறுபது வயது கடக்க வேண்டியிருந்தது.

உங்கள் கையாலேயே ஒரு காரியம் கெட்டுவிட்டது என்று கலங்கி நிற்பவர் எவரேனும் இதைப் படித்தால், அவரிடம் அடியேன் வேண்டுவது இதுதான். ஒளியாதீர்கள். கெட்டதை அப்படியே அவன் முன் வையுங்கள். பிறகு யாருக்குக் கெடுத்தீர்களோ அவர்கள் முன் சென்று நில்லுங்கள். இந்த இரண்டையும் செய்தவரை அவன் கைவிட்டு நான் பார்த்ததில்லை.

விலக்கிய அந்த இரண்டு தகடுகளையும் யாழினி அடுத்த தசராவன்று ஓர் ஆப்டா இலையோடு என் கையில் கொடுத்தாள். அவை இப்போது என் வீட்டுப் பூஜை அலமாரியில் வேலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு மழைக்காலத்து ஈரம் பட்டு மீண்டும் துரு ஏறிவிட்டது. இந்த ஆயுத பூஜைக்கும் வேலைத் துலக்கினேன், விளக்கைத் துலக்கினேன், மணியைத் துலக்கினேன்.

அவை இரண்டுக்கும் சந்தனம் மட்டும் வைத்தேன்.